வயிற்றைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தி த்ரில்லர் படங்கள் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், சுஜய் கோஷ் இயக்கிய ‘கஹானி’க்கு ஒரே ஒரு வரி கிடைத்திருந்தது. கதாநாயகனுக்கு நிகராக ஒரு பெண் சாகசம் புரிந்த படம் என்பது அந்த வரியின் சாரம். பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனாலும் படத்தை மூன்று முறை பார்த்தவள் என்ற உரிமையில், ‘நிகராக’ என்ற அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதம். முடிவைத் தொடாமல் இந்தப் படத்தைப் புகழ வழியில்லை என்பதால், இன்னும் பார்க்காத வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

மகளிர் தினத்துக்கு மறுநாள், 2012 மார்ச் 9 அன்று படம் வெளியானது. காணாமற்போன கணவனைத் தேடி, லண்டனிலிருந்து நிறைமாத வயிற்றோடு கொல்கத்தாவுக்கு வந்து இறங்குகிறாள் மென்பொருள் பொறியாளர் வித்யா வெங்கடேசன் பாக்சி. விமான நிலையத்திலிருந்து நேராகக் காளிகாட் காவல் நிலையத்துக்குப் போகிறாள். அந்த நொடியிலிருந்து அவளைப் பார்க்கிறவர்கள் அனைவரும் முதலில் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். இளம் காவலர் ராணா அவளுக்காக உருகுகிறார், விடுதிக்காரர் இரக்கப்படுகிறார், அந்த இரக்கத்தின் இடுக்கு வழியே அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போகிறாள். அரசு அலுவலகம் ஒன்றில் இரவில் நுழைந்து அதிகாரியின் கணினியைத் துழாவுகிறவள் ஒரு கர்ப்பிணி என்னும்போது, சந்தேகம் எழ வேண்டிய இடத்தில் நமக்கு எழுவது பதற்றம் மட்டுமே. இயக்குநர் நம்மைப் பிடித்துவைத்த இடம் அதுதான்.

நான் முதன்முறை சென்னைத் திரையரங்கு ஒன்றில் பார்த்தபோது, வித்யா படியேறும்போதெல்லாம் பக்கத்து இருக்கை மாமி “பாத்து, பாத்து” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் துர்கா பூஜையின் நிறைவு நாளன்று, அந்த வயிறு வெறும் கட்டுப்பொதி என்று தெரிந்ததும், அவள் உண்மையில் தேடிவந்த வில்லன் மிலன் தாம்ஜியைத் தடுமாற வைக்கும் ஆயுதமாகவே அது மாறியதும், கொண்டையில் செருகியிருந்த குச்சி அவன் கழுத்தில் இறங்கியதும் கண்டு மாமி வாயடைத்துப் போனார். நானும்தான். படத்தில் ஏமாந்தவர்களின் பட்டியலில் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாங்களும் அடக்கம்.

எனக்கு இந்தப் படம் நெருக்கமானதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. ஏழாம் மாதத்தில் நான் வேலைக்குப் போய்வந்த நாட்களில், அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். கொடுத்த கையோடு என் மேசையிலிருந்த கோப்புகளையும் எடுத்துக்கொண்டார்கள். “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்ற அந்தக் கனிவுக்குள், ‘இனி உன்னால் ஆகாது’ என்ற தீர்ப்பும் இருந்தது. வித்யா பாக்சி அந்தத் தீர்ப்போடு வாதாடவில்லை. அதை அப்படியே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, தன் காரியத்துக்குப் பயன்படுத்துகிறாள். எந்தக் கதாநாயகனாலும் செய்ய முடியாத காரியம் இது. பிறகு யாருக்கு ‘நிகர்’ என்று சொல்வது?

அவள்மீது இரக்கம் காட்டாத ஒரே மனிதர் உளவுத்துறை அதிகாரி கான். கையில் சிகரெட்டோடு, நாக்கில் காரத்தோடு வருகிற அந்தக் கதாபாத்திரத்தில் நவாசுதீன் சித்திக்கி கலக்கியிருந்தார். அவளைத் தூண்டிற்புழுவாக்குவதாக அவர் நம்புகிறார். புழு யார் என்பது பிறகுதான் தெரிகிறது. கூலிக்கொலைகாரன் பாப் பிஸ்வாஸை எப்படி மறப்பது? தொந்தி சரிந்த, மூக்குக்கண்ணாடி அணிந்த, மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் ஆயுள் காப்பீட்டு முகவர். வணக்கம் சொல்லி, ஒரு நிமிடம் என்று பணிவாகக் கேட்டுவிட்டுச் சுடுவார். அப்பாவித் தோற்றம்தான் அவருக்கும் கவசம். வித்யாவும் பாப்பும் ஒரே உத்தியின் இரு முனைகள் என்பது மூன்றாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வித்யா பாக்சியாக நடித்த வித்யா பாலன் இதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2011 டிசம்பரில், ‘தி டர்ட்டி பிக்சர்’ படத்தில் உடலையே முன்னிறுத்திய வேடமொன்றில் தோன்றித் தேசிய விருதும் பெற்றார். அதே நடிகை தொளதொளத்த மகப்பேற்று உடைகளுக்குள் ஒளிந்துகொண்டு ஊரையே ஏமாற்றத் துணிந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான இவரைத் தமிழ்த் திரையுலகம் தொடக்க காலத்திலேயே திருப்பி அனுப்பியது தனிக் கதை.

சுமார் 8 கோடி ரூபாயில் எடுக்கப்பட்டு, உலக அளவில் 100 கோடிக்கு மேல் ஈட்டிய படம் இது. சிறந்த திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயமே. விடுதியில் ‘இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் வெந்நீர்’ என்றால், கேட்டவுடன் பிஷ்ணு என்ற சிறுவன் வெந்நீரோடு ஓடிவருவான் என்று பொருள். இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குறும்புகளால்தான் அந்த நகரம் மனதில் நிற்கிறது. குறையும் உண்டு. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் அவள் பெண்களின் கூட்டத்தில் கலந்து மறையும்போதே துர்கையை நாம் கண்டுவிட்டோம். அதைப் பின்னணிக் குரல் வேறு விளக்கியிருக்க வேண்டாம்.

இப்படம் 2014இல் நயன்தாரா நடிக்க, ‘நீ எங்கே என் அன்பே’ என்ற பெயரில் தமிழுக்கு வந்ததைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். அதில் நாயகி கர்ப்பிணி அல்ல. நயன்தாராவின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு இல்லாதபோது இரக்கம் இல்லை. இரக்கம் இல்லாதபோது ஏமாற்று இல்லை. மிஞ்சியது கணவனைத் தேடும் ஒரு மனைவியின் கதை மட்டுமே. மூலத்தின் உயிர் எங்கே இருந்தது என்பதை, அது பறிபோன இடத்தில் வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். தொடரின் அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து எழுத வேண்டும் என்று தங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சென்னை.