சிவாவுக்கு, கரேராவின் எஞ்சின் மவுண்டிங் பற்றி

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பரீட்சை நெருங்குவதால் வீடே அவள் நேரப்படிதான் ஓடுகிறது.

இனி உன் 1985 போர்ஷே 911 கரேரா விஷயம். இரண்டாவது கியர் சட்டென்று விழுவதில்லை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் லீவர் தானாக அசைகிறது, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளுக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. புது ரப்பரே போடு, ஆனால் நாலையும் ஒரே சமயத்தில் மாற்று.

லீவர் அசைவதற்குக் காரணம் இருக்கிறது. லீவர் பாடியோடு சேர்ந்தது. கியர் பாக்ஸோ எஞ்சினோடு ஒரே கட்டையாக ரப்பர்மேல் நிற்கிறது. பின்னால் எஞ்சினுக்கு இரண்டு, முன்னால் கியர் பாக்ஸ் மூக்கில் இரண்டு. சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அந்த கியர் பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், சக்கரத்துக்குப் போகும் டார்க்கின், அதாவது சுழற்று விசையின், எதிர்விசை மொத்தமும் இந்த நாலு ரப்பரில்தான் வந்து விழுகிறது. உன் 3.2 லிட்டர் எஞ்சினின் உச்ச டார்க் 284 நியூட்டன் மீட்டர். உன் காரில் இருக்கும் 915 ரக கியர் பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.182, அதற்குப் பிறகு வரும் கடைசிப் பல்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவின் விகிதம் 3.875. பெருக்கிப் பார், 3500 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் வரும்! அது எஞ்சினைக் கீழே அழுத்தி, கியர் பாக்ஸ் மூக்கை மேலே தூக்கும். காலை எடுத்தால் அப்படியே தலைகீழ். பல வருடம் எண்ணெயும் சூடும் பட்டுத் தொய்ந்த ரப்பர் இதை எப்படித் தாங்கும்?

இதற்கெல்லாம் கெட்டி மவுண்டிங்தான் மருந்து என்று உன்னிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. உன் காரில் இருப்பது போன்ற, சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் இயல்பிலேயே சமநிலை உள்ளது; எதிரெதிர் பிஸ்டன்கள் ஒன்றின் விசையை மற்றது தீர்த்துவிடும். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நாலு சிலிண்டர் எஞ்சினில் அந்தக் கொடுப்பினை கிடையாது. அங்கே கெட்டி மவுண்டிங் போட்டால் டாஷ்போர்டே நடுங்கும். அதனால்தான் 911 ஓட்டுகிறவர்கள் துணிந்து போடுகிறார்கள்.

ஆனால் சிலிண்டர் எரியும் துடிப்பு எங்கும் போய்விடாது. கார் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும் ஐட்லிங்கில் ஆறு சிலிண்டருக்கு நொடிக்கு 45 துடிப்பு. மவுண்டிங்மேல் எஞ்சின் ஆடும் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 32-க்குக் கீழே இருந்தால்தான் ரப்பர் அந்தத் துடிப்பைக் குறைக்க ஆரம்பிக்கும். கெட்டியாக்க ஆக்க இந்த எண் ஏறும். பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சீட்டில் தெரியும். நீயும் லதாவும் ஸ்காட்லாந்து வரை போகும் கார் அது, ரேஸ் கார் அல்ல.

வளைவில் எஞ்சின் ஒரு கணம் தாமதித்துப் பின்னால் சாய்வது போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது நிஜம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை. போர்ஷே கம்பெனியே இதற்கு 2009-இல் 911-இன் ஜிடி3 மாடலில் ஒரு வழி கண்டது: சாதாரண ஓட்டத்தில் மெத்தென்று இருந்து, வளைவில் இறுகிக்கொள்ளும் காந்தத் திரவ மவுண்டிங். மென்மையும் வேண்டும், இறுக்கமும் வேண்டும் என்பது அவர்களுக்கே தலைவலியாக இருந்திருக்கிறது. உனக்கு அந்தச் சாய்வு பொறுக்கவில்லை என்றால், கொஞ்சம் கெட்டியான ஸ்போர்ட் ரப்பர் வரை போ, அதற்குமேல் வேண்டாம். பின்னால் கெட்டி, முன்னால் மெத்து என்று மட்டும் கலக்காதே. ஒரு முனை அசைய மறுத்தால் மறுமுனையின் அசைவெல்லாம் கியர் பாக்ஸ் கூட்டில் ஏறும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். பின் சீட்டுகளுக்கு நடுவில், தரையில் மேடாக ஓடும் டனல்மேல் ஒரு சின்ன மூடி இருக்கும். கழற்றினால் லீவரிலிருந்து வரும் கியர் ராடையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங் தெரியும். அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்கள் (இணைப்பில் ஆட்டம் வராமல் தடுக்கும் உறைகள்) பொடிந்து போயிருந்தால், எந்த மவுண்டிங் போட்டாலும் இரண்டாவது கியர் அப்படித்தான் விழும். விலையும் சொற்பம். லீவருக்கு அடியில் இருக்கும் பந்துக் கிண்ண புஷ்ஷையும் பார்த்துவிடு.

மவுண்டிங் மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. அடியில் பலகை வைத்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக மாற்றலாம். மாற்றியதும் எஞ்சின் சற்று உயரும். சைலன்ஸர் குழாய் பம்பரில் இடிக்கிறதா பார், கியர் லிங்கேஜையும் திரும்ப அட்ஜஸ்ட் செய்.

கப்ளிங்கைத் திறந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. புஷ் சரியாக இருந்தால் மவுண்டிங்குகளை நான் இங்கேயே வாங்கி, அடுத்த மாதம் லண்டன் வரும்போது கொண்டு வருகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ரகு