வேடந்தாங்கலுக்குப் படகு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வேடந்தாங்கல் பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், படகுச் சவாரி இல்லாதது அங்கே வருகிறவர்களுக்குப் பெரும் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். மதுராந்தகம் வட்டாரத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த ஏரிக்கரையில் நடந்து நடந்தே வயதானவள். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்த ஏரியில் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. நீர்க்கடம்பும் கருவேலமும்தான் அதிகம். அவற்றின் மேல்தான் கூடுகள். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயோ பூனையோ கூட்டை எளிதில் நெருங்க முடிவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பறவைகள் அங்கே முட்டையிடுகின்றன. அந்தத் தண்ணீரிலேயே மனிதர்களை ஏற்றிக்கொண்டு படகு போகலாமா? படகு கிட்டே வந்தால் தாய்ப்பறவை எழுந்துவிடும். காக்கை முட்டையைக் கொத்திக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? மாசி வெயிலில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை கூட்டின் மேல் நின்றுகொண்டு, இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்து, முதுகை வெயிலுக்குக் கொடுத்துத் தன் குஞ்சுகளுக்கு நிழல் தந்ததைக் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே நின்றது. இடத்தை விட்டு அசையவில்லை. அதைச் சிறிது நேரம் விரட்டிவிட்டால் இறகுகூட முளைக்காத அந்தக் குஞ்சுகளின் கதி என்ன? எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்காவிட்டால் நீங்களாவது யோசித்திருக்க வேண்டும்.

எழுத உட்கார்ந்த பிறகு, பல ஆண்டுகளாக மனத்தில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை பிறந்தால் உங்கள் நாளிதழில் தவறாமல் ஒரு செய்தி வரும்: சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்புகின்றன என்று. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் என்று அங்கே கூடு கட்டுகிறவை எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். வடக்கே வெகுதூரத்திலிருந்து வருகிற ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும்; இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. இதை விளக்கி முன்பே உங்களுக்கு எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. தேர்வுத்தாளில் தப்பு என்று சுழித்துக் கொடுத்தால், "பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கிறது, டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்லும்போது நான் என்ன பதில் சொல்வது?

இந்தக் கட்டுரையிலும் நத்தைக்குத்தி நாரையின் படத்தைப் போட்டுக் கீழே 'கொக்குகள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற பறவை அது. ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வயல் நத்தையைப் பிடித்தால் ஓட்டை நொறுக்காமல் சதையை மட்டும் இழுத்தெடுத்துத் தின்னும். வரப்பில் முழுசாகக் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பொறுக்கி வந்து பிள்ளைகள் என் மேசையில் வைப்பார்கள்.

அந்த ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பறவைகளுக்கு அது பிள்ளை பெற வந்த தாய்வீடு. தீனி தேடுவது சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். அதனால்தான் 1998-இல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை 2020-இல் எழுந்து ஊரே கொதித்தபோது, உங்கள் நாளிதழ் அதை உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தியோடு முடித்துக்கொண்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்ததும் முதல் பக்கத்தில் பெரிய படம் போட்டீர்கள். பெருமைக்கு இருக்கிற இடம் ஆபத்துக்கு இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரர்களைத் தடுக்கச் சொல்லி, 1798-இல் கலெக்டர் பிளேஸ் துரையிடம் போய்க் கவுல் (எழுத்துப்பூர்வமான உறுதிமொழி) வாங்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் தீபாவளிக்கு அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. அதே ஊருக்குப் பொங்கல் விடுமுறையில் காரில் வந்த ஒரு குடும்பம் கரையில் பாட்டுப் பெட்டியை அலறவிட்டது. அவர்களில் ஒரு இளைஞர், பறவைகள் எழும்பினால்தான் படம் நன்றாக வரும் என்று கைதட்டி விரட்டினார். வேண்டாம் தம்பி என்றேன். "டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்கிறோம்" என்றார். உங்களுடையதைப் போன்ற கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் இப்படி வருகிறார்கள் என்று நான் நம்புகிறேன். 'குடும்பத்துடன் குதூகலிக்க' என்று நீங்கள் அழைத்தால் அவர்கள் குதூகலிக்கத்தான் வருவார்கள். விடியற்காலையில் வந்து, கரையோடு மெதுவாக நடந்து, குரலைத் தாழ்த்திப் பேசினால் எவ்வளவு பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

நான் கேட்பது அதிகமில்லை. வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், படத்தில் இருப்பது நத்தைக்குத்தி நாரை என்று திருத்தம் போடுங்கள். கூடு இருக்கும் ஏரியில் படகு கூடாது என்பதையும் அதனுடன் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுராந்தகம்