ப்ரொஃபைல் ஃபோல்டரை ஜிப் பண்ணி அனுப்பாதீங்க: பெங்களூரு தமிழ் டெஸ்ட் லீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருல டெஸ்டிங் டீம் நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நானும் பதினோரு வருஷமா இங்க ஆட்டோமேஷன்லதான் இருக்கேன், முதல்ல எலக்ட்ரானிக் சிட்டி, இப்ப பெல்லந்தூர் பக்கம். ப்ரவுசரோட செட்டிங், பாஸ்வேர்டு, குக்கீ எல்லாம் இருக்கற ப்ரொஃபைல் ஃபோல்டரைப் பத்தி ரொம்ப நாளா மனசுல இருந்தது, இப்ப சொல்லிடறேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு, விருதுநகர் பக்கம், ராத்திரி ஒம்போதரைக்கு மடிவாளால ஊருக்கு பஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு அவ லேப்டாப்ல இன்வாய்ஸ் டவுன்லோட் டெஸ்ட் எல்லாம் வரிசையா ஃபெயில் ஆகுது. லீட் வந்து பாத்துட்டு "என் மெஷின்ல ஓடுதே, நீ எதையோ மாத்திருக்க"ன்னு சொல்லிட்டு போயிட்டார். அந்தப் புள்ள ஒண்ணையும் மாத்தல. ஒம்போது மணி வரைக்கும் கோடை வரி வரியா பாத்துட்டு உக்காந்திருந்தா, அப்புறம் ஆட்டோ புடிச்சு சில்க் போர்டு தாண்டறதுக்குள்ள பஸ் போயிடுச்சு.

விஷயம் என்னன்னா, செலினியம் (ப்ரவுசரைத் தானா ஓட்டி டெஸ்ட் பண்ற கருவி) ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கும்போது நாம ஒண்ணும் சொல்லலன்னா ஒவ்வொரு தடவையும் புத்தம்புது ப்ரொஃபைல்லதான் திறக்கும். லீட் எழுதின கோடு, ஓடற மெஷின்ல அவரோட சொந்த ப்ரொஃபைல் இருந்தா அதை எடுத்துக்கும், இல்லன்னா புதுசைத் திறக்கும். அவர் எப்பவோ கையால பிடிஎஃப்-ஐ கேக்காம சேவ் பண்ணுன்னு மாத்தி வெச்சிருக்கார், அதை அவரே மறந்துட்டார். இவ லேப்டாப்ல பிடிஎஃப் ப்ரவுசருக்குள்ளயே திறந்துக்கிச்சு, ஃபோல்டர்ல ஃபைல் வரல, டெஸ்ட் ஃபெயில். நாலு செட்டிங்தான் மொத்தமே: டவுன்லோட் ஃபோல்டர் லிஸ்ட் 2 (நாம சொல்ற ஃபோல்டர்ல சேவ் பண்ணுன்னு அர்த்தம்), டவுன்லோட் பாத் (அந்த ஃபோல்டர் எங்க இருக்கு), கேக்காம சேவ் பண்ண வேண்டிய ஃபைல் வகை, உள்ளேயே இருக்கற பிடிஎஃப் வ்யூவரை ஆஃப் பண்றது. இதுல ஃபைல் வகை சர்வர் அனுப்பறதோட எழுத்து பிசகாம பொருந்தணும், 2022-ல வந்த ஃபயர்ஃபாக்ஸ் 98-க்கு முன்னாடி, சர்வர் ஆக்டெட் ஸ்ட்ரீம்னு (எந்த ஃபைலுக்கும் போடற பொது வகை) அனுப்பி நாம அப்ளிகேஷன் பிடிஎஃப்னு மட்டும் எழுதியிருந்தா, சேவ் பண்ணவான்னு கேக்கற டயலாக் மறுபடியும் வந்து நின்னுச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை எழுத வெச்சது. திங்கக்கிழமை லீட் தன்னோட ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணி டீம் க்ரூப்ல போட்டுட்டார், எல்லாரும் இதையே யூஸ் பண்ணுங்கன்னு. மத்தியானம் அந்தப் பொண்ணு முகம் வெளுத்துப் போய் என்கிட்ட வந்து "அக்கா, சாரோட பேங்க் பாஸ்வேர்டு எனக்குத் தெரியுது"ன்னா. சேவ் பண்ணின பாஸ்வேர்டு இருக்கற லாகின்ஸ்.ஜேசானும் அதைத் திறக்கற சாவி இருக்கற கீ4.டிபி-யும் ஒரே ஃபோல்டர்ல இருக்கு, ப்ரைமரி பாஸ்வேர்டு (அதுக்கு மேல போடற பூட்டு) போடலன்னா அந்த ரெண்டும் கையில இருக்கறவங்களுக்கு பூட்டே இல்லாத வீடு மாதிரி. குக்கீஸ்.எஸ்க்யூலைட்ல அவர் லாகின் பண்ணி வெச்ச சைட்டோட செஷனும் (பாஸ்வேர்டு கேக்காமலே உள்ள விடற அடையாளம்) சேர்ந்தே போகுது. ப்ளேரைட்ல (செலினியம் மாதிரி இன்னொரு கருவி) சேவ் பண்ற ஸ்டோரேஜ் ஸ்டேட் ஃபைலும், அதாவது லாகின் பண்ணின நிலையை வெக்கற ஃபைலும், இதே கதைதான், அதை கிட்ல (டீம் கோடை சேர்த்து வெக்கற இடம்) ஏத்தறவங்களை நானே பாத்திருக்கேன்.

க்ரோம்காரங்களே 136-வது வெர்ஷன்ல இருந்து, டீஃபால்ட் ப்ரொஃபைலை ரிமோட் டீபக்கிங்ல (வேற ப்ரோக்ராம் ப்ரவுசரை ஓட்டற வழி) திறக்க விடறதில்ல. குக்கீ திருட்டைத் தடுக்கத்தான் அந்த வழியை மூடினாங்க. நாம மட்டும் ஏன் ஜிப்பா போட்டுக் குடுக்கணும்?

அதனால நான் கேக்கறது, செட்டிங்கை கோடா எழுதி ரெப்போல (டீமோட கோடு இருக்கற ஃபோல்டர்) வைங்க. ஃபயர்ஃபாக்ஸ் ஆப்ஷன்ஸ்ல (செலினியம் கோடுல செட்டிங் எழுதற இடம்) நாலு வரி போதும், இல்லன்னா யூசர்.ஜேஎஸ்-னு ஒரு சின்ன ஃபைல், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது ப்ரொஃபைலோட செட்டிங் ஃபைலான ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ்-ல இருக்கறதை மாத்தி எழுதிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஏன் வெச்சோம்னு கமென்ட் போடுங்க, அடுத்து வர்ற புள்ளைக்கு அதுதான் துணை.

ஜன்னல் சைஸையும் எழுதுங்க. ஹெட்லெஸ் க்ரோம் (ஸ்க்ரீன்ல ஜன்னல் காட்டாம ஓடற க்ரோம்) ஒண்ணும் சொல்லலன்னா 800-க்கு 600-ல திறக்கும், மெனு சுருங்கிப் போயி பட்டனே காணாமப் போகும். டைம்ஸோனையும் விட்டுடாதீங்க, டெஸ்டை தானா ஓட்டற எங்க பில்டு சர்வர் யூடிசி-ல (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி) ஓடுது, நம்ம ராத்திரி 2 மணி ரன்னுக்கு அங்க முந்தின நாள் ராத்திரி 8:30, "இன்னிக்கு தேதி" பாக்கற டெஸ்ட் ராத்திரி மட்டும் விழுந்து காலைல பாஸ் ஆகுதுன்னு மூணு வாரம் ஆளாளுக்கு பழி சொல்லிட்டு இருந்தோம். ஏஷியா/கொல்கத்தான்னு ஒரு வரி போட்டதும் நின்னுச்சு. க்ரோம் தானா அப்டேட் ஆகி உடையுதுன்னா 2023-ல வந்த க்ரோம் ஃபார் டெஸ்டிங் (டெஸ்டுக்குன்னே தனியா விடற க்ரோம்) இருக்கு, தானா அப்டேட் ஆகாது, வெர்ஷனை எழுதி வெச்சு எல்லாரும் அதையே இறக்கிக்கலாம்.

இன்னொண்ணு. உங்க மெஷின்ல ஓடி ஜூனியர் மெஷின்ல ஓடலன்னா, அவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி உங்க அபவுட்:கான்ஃபிக்-ஐ (ஃபயர்ஃபாக்ஸோட எல்லா செட்டிங்கும் இருக்கற பக்கம்) திறந்து மாத்தின செட்டிங்கை மட்டும் காட்டச் சொல்லி ஒரு தடவை பாருங்க, அஞ்சு நிமிஷம் ஆகாது.

எங்க லீட்கிட்ட நேர்ல பேசினேன். ஜிப்பை அழிச்சுட்டார், எல்லா பாஸ்வேர்டும் மாத்திட்டார், அந்தப் பொண்ணுகிட்ட சாரியும் சொன்னார். உங்க டீம் க்ரூப்லயோ டிரைவ்லயோ பழைய ப்ரொஃபைல் ஜிப் ஏதாவது கெடக்கான்னு இன்னிக்கே தேடிப் பாருங்க, இருந்தா அழிச்சுட்டு, அது யாரோடதுன்னு பாத்து அவங்களுக்கு முதல்ல போன் பண்ணுங்க.

இப்படிக்கு,
பெல்லந்தூர்ல இருந்து ஒரு டெஸ்டர்