பம்பர் நகர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமையாக இருந்தன, அவற்றைத் தேடி எடுத்தவருக்கு என் நன்றி. ஆனால் அந்தக் காலத்துப் பம்பர் கெட்டி இரும்பு, மோதினாலும் அசையாது, அதனால்தான் வண்டி பிழைத்தது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அடிபட்ட வண்டிகளின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, நிமிர்த்தியே முப்பது வருஷம் பிழைத்தவன் நான். அசையாத பம்பர் வண்டியைக் காப்பாற்றாது. ஆரம்ப காலத்தில் பம்பரை யோசித்தவர்களும் அப்படி ஒன்றைச் செய்ய நினைக்கவில்லை, மோதும்போது அது எப்படி அசைய வேண்டும், எவ்வளவு அசைய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலையே.

அந்த வண்டிகளின் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் முன்னால் திறந்து கிடக்கும், மெல்லிய குழாயும் தகடும்தான் அது. இரு பக்கமும் விளக்குகள். கீழே இன்ஜினைக் கிளப்புகிற கிராங்க் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் முன்பக்கம் கொம்பு மாதிரி வளைந்து முடியும், அந்தக் கொம்பு நுனியில்தான் முன் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும். ஆக, சுவரில் லேசாக இடித்தாலே முதலில் அடி வாங்குவது இவற்றில் ஒன்று. ரேடியேட்டர் ஒழுகினால் வண்டி சீக்கிரமே நின்றுவிடும். கொம்பு விரற்கடை அளவு வளைந்தாலும் முன் ஆக்சில் தன் இடத்திலிருந்து விலகி, ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். பிரேக்கும் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் என்பது பரவலானது 1920களில்தான். இப்படிப்பட்ட வண்டிக்குப் பம்பர் அலங்காரமாக வந்திருக்க வழியே இல்லை.

1897-ல் நெஸ்ஸெல்ஸ்டார்ஃப் என்ற ஊரில், இன்றைய செக் நாட்டின் கோப்ரிவ்னிட்சேயில், பின்னாளில் டாட்ரா என்று பெயர் பெற்ற தொழிற்சாலை ‘பிரசிடென்ட்’ என்ற காரைச் செய்தது. முன்பக்கம் பம்பர் பொருத்திய முதல் கார் என்று பலரும் சொல்வது இதைத்தான். அடுத்த வருஷமே அதை வியன்னாவுக்கு, ஏறக்குறைய 328 கிலோமீட்டர், ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் மோதலின் அடியையே உள்வாங்க வேண்டும் என்று நினைத்துச் செய்த பம்பர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபிரெடரிக் சிம்ஸ் என்கிற ஆங்கிலேயர்தான். ஹாம்பர்கில் பிறந்தவர், டைம்லர் இன்ஜினின் உரிமையை வாங்கி பிரிட்டனுக்குக் கொண்டு சென்றவர், ராபர்ட் பாஷுடன் சேர்ந்து, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைப் பரப்பியவர். 1905-ல் அவருடைய சிம்ஸ்-வெல்பெக் காரின் முன்னால் காற்று நிரப்பிய ரப்பர் பம்பர் வந்தது. இரும்பு இல்லை, ரப்பர்! டன்லப் 1888-ல் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார், 1895-ல் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் அதைக் காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள், அதற்குப் பத்தே வருஷத்தில் அதே காற்றையும் ரப்பரையும் வண்டியின் நெற்றிக்குக் கொண்டுவந்துவிட்டார் இந்த மனிதர். சாலையின் குழியும் ஓர் அடிதான், எதிரே நிற்கிற சுவரும் ஓர் அடிதான், இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளலாம் என்பது எவ்வளவு தெளிவான சிந்தனை என்று நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ரயில் பெட்டிகளின் முனையில் இடியைத் தாங்கும் பஃபர் ஏற்கெனவே இருந்ததே, அதை அப்படியே காருக்கு மாட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். இங்கிலாந்தின் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதையில் 1830களிலேயே ஹென்றி பூத் என்பவர் ஸ்பிரிங் வைத்த பஃபரைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் ரயில் பெட்டிகள் தண்டவாளத்தில் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன, எல்லாப் பஃபரும் ஏறக்குறைய ஒரே உயரம், அடி வரும் திசையும் ஒன்றுதான். சாலையில் அதெல்லாம் கிடையாது. ஒரு மூலையில் இடிக்கும், சாய்ந்து இடிக்கும், எதிரே வருவது மாட்டுவண்டியாகவும் இருக்கலாம், மதிலாகவும் இருக்கலாம், மரமாகவும் இருக்கலாம். உயரம் ஒன்றுபடவில்லை என்றால் ஒன்றின் பம்பர் இன்னொன்றின் மேலே ஏறிவிடும், அப்புறம் அந்த ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை. இந்த உயரப் பிரச்சினை நூறு வருஷத்துக்கு மேலாகியும் முழுசாகத் தீரவில்லை, சின்னக் காரும் உயரமான ஜீப் மாதிரி வண்டியும் மோதிக்கொண்ட இடத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சரி, ஏன் அசைய வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 1000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 8 கிலோமீட்டரில், அதாவது ஆள் ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகத்தில், சுவரில் இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதனிடம் ஏறக்குறைய 2,470 ஜூல் ஆற்றல் இருக்கும். அந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். விறைப்பான பம்பராக இருந்து வண்டி 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சேஸிஸ் மேல் விழும் சராசரி விசை கிட்டத்தட்ட 25 டன் எடைக்குச் சமம். பம்பர் 10 சென்டிமீட்டர் பின்வாங்கி நிறுத்தினால் அதே அடி இரண்டரை டன்னாகிவிடும். வண்டி அதேதான், வேகமும் அதேதான், ஒரு சாண் கூட இல்லாத அந்த இடைவெளிதான் பத்தில் ஒன்பது பங்கைக் குறைத்தது. உயரத்திலிருந்து குதிக்கும்போது முழங்காலை மடக்கி இறங்குகிறோமே, விறைத்துக்கொண்டு இறங்கினால் மண்டை வரை அதிர்கிறதே, அதுதான் இது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 16 கிலோமீட்டரில் இடித்தால் அதே 10 சென்டிமீட்டரில் நிறுத்தவே 10 டன் தேவைப்படும். அதனால்தான் பம்பர் என்பது எந்தக் காலத்திலும் மெதுவான மோதலுக்கான பொருள், வேகமான விபத்திலிருந்து அது மட்டுமே காப்பாற்றும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

சிம்ஸின் ரப்பர் அப்படியே நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு, 1910களிலும் 1920களிலும், குறிப்பாக அமெரிக்காவில், ஸ்பிரிங் எஃகுப் பட்டையால் செய்த பம்பர்கள் கடைக்கு வந்தன. ஃபோர்டின் மாடல் டி போன்ற வண்டி தொழிற்சாலையிலிருந்து பம்பர் இல்லாமல்தான் வரும், வேண்டியவர்கள் தனியாக வாங்கிச் சேஸிஸ் கொம்பில் கவ்விப் பூட்டிக்கொள்வார்கள். மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள், ஓரங்களில் வளையமாகச் சுருண்டு பின்னால் வந்து சேஸிஸில் சேரும், அந்தச் சுருளில்தான் விஷயமே இருக்கிறது. நான் தொழில் பழகிய காலத்தில் அப்படி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது. என் குரு என்னைக் கூப்பிட்டு, முழங்காலை அதில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன், பம்பர் மெல்லப் பின்னால் போய், காலை எடுத்ததும் திரும்பி வந்தது. “பார்த்தியா, இதுக்கு உயிர் இருக்கு” என்றார். இன்றைக்கும் அந்த ஒரு சொல்லை மறக்க முடியவில்லை.

ஆனால் அந்த ஸ்பிரிங்கிலும் ஒரு குறை உண்டு, அதை மறைத்துப் பெருமை பேசுவது நேர்மை ஆகாது. ஸ்பிரிங் ஆற்றலைத் தின்றுவிடாது, கடனாக வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும். இடித்த வண்டி பின்னால் தள்ளப்படும், உள்ளே இருப்பவர் கழுத்துக்கு இரண்டாவது முறையும் குலுக்கல். இன்னொன்று, ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஆரம்பத்தில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் இருக்கும், கடைசியில் வரும் விசை சராசரியைப் போல இரண்டு மடங்கு. மேலே சொன்ன இரண்டரை டன் கணக்கில், ஸ்பிரிங் முழுசாக அமுங்கும் நேரத்தில் சேஸிஸ் 5 டன்னைத் தாங்க வேண்டியிருக்கும். சிம்ஸின் காற்று நிரப்பிய ரப்பரும் இப்படித்தான், அமுக்க அமுக்க இன்னும் விறைக்கும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவாக எதிர்த்துக்கொண்டே பின்வாங்கி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக்கிவிட்டுத் திரும்பத் தள்ளாமல் நிற்கிற ஒன்றுதான் நல்ல பம்பர். எண்ணெயைச் சின்னத் துளை வழியாகப் பிதுக்கும் ஷாக் அப்சார்பர் அதற்குப் பக்கத்தில் வருகிறது. சக்கரத்துக்கு அப்படிப்பட்ட உருளைகள் 1900களின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டன, பம்பருக்குப் பின்னால் அவை பெரிய அளவில் வந்து சேர 1970கள் ஆனது.

இடையில் ஐம்பது வருஷம் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். 1920களின் கடைசியில் குரோம் முலாம் வந்தது. பம்பர் பளபளக்கத் தொடங்கியது. அப்புறம் சுருள் பட்டை போய், அழுத்தி வளைத்த அகலமான தகடு வந்தது, அதை மாட்டும் கையும் குட்டையாகி விறைத்துப்போனது. 1950களின் அமெரிக்கக் கார்களில் பம்பர் என்பது வண்டியின் நகைதான், கூம்பு கூம்பாக முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் கட்டுரையில் இருந்த படங்களில் பாதிக்கு மேல் இந்தக் காலத்து வண்டிகள்தான், அதனால்தான் எழுதியவருக்குப் பழைய பம்பர் என்றால் அசையாத இரும்பு என்று தோன்றியிருக்க வேண்டும். இடையில் வந்த ஒரு வழக்கத்தைப் பார்த்து ஆரம்ப காலத்தவர்களின் யோசனையும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறந்ததைத் திரும்ப நினைவுபடுத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1973 மாடல் கார்களிலிருந்து, முன்பக்கம் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்பக்கம் 2.5 மைல் வேகத்திலும் தடுப்பில் இடித்தால் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்புக்கான பாகங்கள் கெடக் கூடாது என்று விதி வந்தது. அடுத்த வருஷம் பின்பக்கத்துக்கும் 5 மைல், பம்பரின் உயரத்துக்கும் ஓர் அளவு. உடனே பம்பருக்குப் பின்னால் எண்ணெய் உருளைகள் வந்தன, பம்பர் வெளியே துருத்திக்கொண்டு அழகு கெட்டது என்று நிறையப் பேர் திட்டினார்கள், எடையும் கூடியது உண்மைதான். 1982-ல் அந்த 5 மைலை 2.5 மைலாகக் குறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது தவறான முடிவு. எடைதான் பிரச்சினை என்றால் எடையைக் குறைக்கும் வழியைத் தேடியிருக்க வேண்டும், நுரையும் பிளாஸ்டிக்கும் அப்போதே இருந்தன. ரெனோ 5 கார் 1972-லேயே பிளாஸ்டிக் பம்பரோடு வந்துவிட்டதே.

நடந்து போகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. 1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார், பிரிட்டனில் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி அவர்தான். பம்பர் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிட்டது. ஆனால் இது வேறு கணக்கு. 1000 கிலோ வண்டியை நிறுத்துகிற ஸ்பிரிங், ஒரு மனிதனின் முழங்காலுக்கு வெறும் சுவர்தான், அது அமுங்குவதற்குள் எலும்பு முறிந்துவிடும். ஆகவே வெளிப்பக்கம் காலுக்காக மிக மென்மையாகவும், அதற்குப் பின்னால் வண்டிக்காகக் கொஞ்சம் கெட்டியாகவும், இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். இன்றைய காரில் பம்பர் என்று நாம் தொட்டுப் பார்க்கிற பிளாஸ்டிக் வெறும் தோல்தான், அதற்குள்ளே நுரையும், அதற்குப் பின்னால் நசுங்கும் பெட்டிகளில் தாங்கிய உத்திரமும் இருக்கின்றன. கார்களை மோதவிட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 1997-ல் தன் சோதனைகளைத் தொடங்கியபோதே பாதசாரிக்கும் மதிப்பெண் போட்டது. ‘இந்தக் காலத்துப் பம்பர் கை வைத்தாலே உடைகிறது’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள், அது யாருடைய காலுக்காக உடைகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, அந்தப் பம்பருக்கு முன்னால் கனமான இரும்புக் குழாயை வளைத்துச் சேஸிஸில் நேராகப் போல்ட் போட்டு மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பட்டறையில் இப்படி எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன். குழாயில் ஒரு கீறல் இருக்காது, உரிமையாளர் மகிழ்ச்சியாக இருப்பார், வண்டியை மேலே தூக்கிப் பார்த்தால் சேஸிஸ் மடங்கியிருக்கும். நசுங்க வேண்டிய பெட்டிக்கு நசுங்க நேரமே கிடைத்திருக்காது. மோதலின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் ஏர்பேக் விரிகிறது, முன்னால் விறைப்பான குழாயை மாட்டினால் அந்தக் கணக்கும் குழம்பிவிடலாம். நடந்து போகிறவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை பழைய காரின் படம் போடும்போது, முன்பக்கத்தின் பளபளப்பை மட்டும் எடுக்காமல், கொஞ்சம் குனிந்து பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், பம்பரைச் சேஸிஸோடு சேர்க்கிற அந்தச் சுருள் பட்டை தெரியும்படி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கர் தொழிலாளி ஒருவர்