செல்ப் எடுக்காத வண்டி

காவேரிப்பட்டணம்

அன்புள்ள கண்ணு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நேற்று போனிலேயே சொல்லியிருப்பேன், நீதான் ஆபீஸ் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன், மாப்பிள்ளையும் படிக்கட்டும். காருக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறாராமே? கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.

சத்தம் வருகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாய். என்ன சத்தம்? ‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் அடிக்கிறதா, ‘டொக்’ என்று ஒரே தடவை அடித்து நின்றுவிடுகிறதா? லாரி வயரிங் வேலையில் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

விடாமல் அடித்தால், இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் செல்ப் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை. மோட்டாரின் முதுகில் சோலனாய்டு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் அது உள்ளே இழுத்து மோட்டாருக்கு லைன் கொடுக்கும். மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். பேட்டரியில் தெம்பு இல்லையென்றால் அந்த நொடியே வோல்ட் சரிந்துவிடும், சோலனாய்டால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, விட்டுவிடும். விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். அந்த இழுபறிதான் உனக்கு டிக் டிக் என்று கேட்கிறது.

ஆனால் இதே சத்தம் நல்ல பேட்டரியிலும் வரும். டெர்மினலில், அதாவது பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையில், உப்பு பூத்திருந்தால் போதும். பானெட்டைத் திறந்து பார். வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு மாதிரி படிந்திருக்கும். சில வண்டியில் வெளியே பளிச்சென்று இருக்கும், ஒயர் நுனியில் இருக்கும் கிளாம்பைக் கழற்றினால்தான் உள்பக்கம் கருத்துப் போயிருப்பது தெரியும். கிளாம்பைக் கையால் திருகிப் பார், அசைந்தாலே அது லூஸ்தான்.

கழற்றுவதற்கு முன் கை வளையல், மோதிரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடு. ப்ளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் வளையல் பட்டால் நொடியில் பழுத்து கையைச் சுட்டுவிடும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டு. ஆப்ப சோடாவைச் சுடுதண்ணீரில் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. பேட்டரி மூடி ஓட்டைக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. நன்றாகக் காய்ந்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு.

வோல்ட் பார்க்க மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள், பெரிய விலை இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் காலையில் வை. 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12.4 பரவாயில்லை. 12க்குப் பக்கம் வந்துவிட்டால் காலி. அப்புறம் மாப்பிள்ளையைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, மீட்டர் முனையைக் கிளாம்பில் வைக்காமல் நடுவில் இருக்கும் ஈயக் குமிழிலேயே வைத்துப் பார். பத்துக்கும் கீழே போய்விட்டால் பேட்டரி தாங்கவில்லை. குமிழில் 12 நின்று கிளாம்பில் மட்டும் சரிந்தால் பேட்டரி மேல் பழி போடாதே. கரண்டை அந்த உப்பு தின்கிறது.

மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரையும் பார். பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால் ப்ளஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

ஒரே ‘டொக்’ என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. லைட் மங்காமல் எரிந்தால் சோலனாய்டு இழுக்கிறது, மோட்டாருக்கு லைன் போகவில்லை. சோலனாய்டுக்குள் லைன் கொடுக்கும் காப்பர் காண்டாக்ட் எரிந்திருக்கலாம், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ப் மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுக்கும். எடுத்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடு. முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், பிரஷ், காண்டாக்ட் மட்டும் மாற்ற முடியுமா என்று கேள்.

பேட்டரிதான் காலி என்று தெரிந்தாலும் ஏன் காலியானது என்று பார்க்காமல் புதுசு வாங்காதே. சார்ஜ் ஏற்றி ஸ்டார்ட் பண்ணி, ஓடும்போது மீட்டர் வை. 13.8க்கும் 14.5க்கும் நடுவில் காட்ட வேண்டும். 12லேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது கரண்ட் எடுத்துத் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும். உன் வண்டி வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும்தானே போகிறது? அந்தத் தூரத்தில் ஸ்டார்ட் பண்ணச் செலவானதே திரும்ப ஏறாது. போதாததற்கு வண்டியில் மாட்டியிருக்கும் அந்தக் கேமரா வேறு ராத்திரியெல்லாம் எரிகிறது. ஓசூர் மார்கழிக் குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும், ஆயிலும் கெட்டியாகும். அதனால்தான் காலையில் தகராறு, மத்தியானம் ஒழுங்காக எடுக்கிறது.

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டால், கடைசி மைனஸ் முனையை உன் பேட்டரியில் மாட்டாதே. கொஞ்சம் தள்ளி இன்ஜின் இரும்பில் பிடி. பேட்டரியிலிருந்து வரும் வாயு பொறி பட்டால் வெடிக்கும்.

பேட்டரி வாங்கின பில்லையும் வாரண்டி கார்டையும் தேடி வை, தேதி பார்க்க வேண்டும். காலையில் மீட்டர் என்ன காட்டியது, சத்தம் எந்த மாதிரி, இரண்டையும் எனக்குச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே வாருங்கள். அம்மா உனக்குக் கொட்டை நீக்கிய புளி எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா