ஒன்பதாம் வகுப்பின் ராமோஜி ஃபிலிம் சிட்டி பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

சேலம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்தபின், ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தில், நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை ஹைதராபாத்தை அடுத்த ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை அறிவித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு தந்தையார் எழுந்து, "பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சினிமா மோகம் தலைக்கேறிக் கிடக்கிறது, அதைப் பள்ளிக்கூடமே வளர்க்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டம் கலையும் நேரமாகிவிட்டதால் அன்று நான் சொன்ன இரண்டு வரிப் பதில் போதாது என்று எனக்கே பட்டது. ஆகவே சற்று விரிவாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டு, நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, உறவினர் திருமணத்துக்காகச் சென்னைக்குச் சென்றிருந்தோம். ஷூட்டிங் பார்க்க வேண்டும் என்ற என் நச்சரிப்புத் தாங்காமல், என் தந்தையார் கோடம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டுடியோ வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். சிபாரிசுக் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலர் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றபின் கதவு திறந்தது. ஒரு லாரி வெளியே வந்தது. அதில் ஒரு கோயில் கோபுரத்தின் மேல்பாதியைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். லாரி வளைவில் திரும்பியபோது கோபுரத்தின் உட்புறம் தெரிந்தது: சவுக்குக் கட்டைகள், குறுக்கே ஆணியடித்த ரீப்பர்கள், சாக்குத் துணியில் காய்ந்து வெடித்த பிளாஸ்டர், ஓரத்தில் கரிக்கட்டியால் எழுதிய ஓர் எண். நடிகர் ஒருவரையும் பார்க்கவில்லையே என்று அழுதுகொண்டுதான் வீடு திரும்பினேன். ஆனால் இன்றுவரை எனக்கு மறக்காமல் இருப்பது அந்த எண்தான். எந்தத் துண்டு எதனோடு சேரும் என்பது மறுநாள் மறந்துவிடாமலிருக்க யாரோ ஒரு தச்சர் எழுதிவைத்த எண் அது. நம் மாணவர்கள் பார்த்துவர வேண்டும் என்று நான் விரும்புவதும் அந்தப் பின்புறத்தைத்தான்.

ஸ்டுடியோவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் ஏறத்தாழ சினிமாத் தொழிலின் வயதை ஒத்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஒரு கோழிப்பண்ணை நிலத்தை வாங்கி, கார்ல் லெம்லே என்ற தயாரிப்பாளர் 1915 மார்ச் 15 அன்று யுனிவர்சல் சிட்டியைத் திறந்துவைத்தார். இருபத்தைந்து காசு, அதாவது கால் டாலர், கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். மதியச் சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு. படிக்கட்டுப் பலகைகளில் உட்கார்ந்து படப்பிடிப்பைப் பார்த்த மக்கள், கதாநாயகனுக்குக் கைதட்டினார்கள், வில்லனைக் கண்டு கூச்சலிட்டார்கள். அவை ஊமைப்படங்களாதலால் அந்தக் கூச்சல் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பேசும் படம் வந்தபோதுதான் சிக்கல் ஏற்பட்டது. ஒலிவாங்கிக்கு வில்லனின் வசனத்துக்கும் பார்வையாளரின் இருமலுக்கும் வேறுபாடு தெரியாது. எனவே சுவர்கள் தடித்தன, கதவுகள் மூடின, படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் சிவப்பு விளக்கு எரியலாயிற்று. மக்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஒரு தொழில்நுட்ப மாற்றம் ஒரு வாசலை எப்படி மூடிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நம் இயற்பியல் ஆசிரியர் ஒலி பற்றிய பாடத்துக்குத் தேடிப் போக வேண்டியதில்லை.

அந்த வாசல் முறையாக மறுபடி திறந்தது 1964 ஜூலை மாதத்தில். திறந்த காரணம் கலை அன்று, கணக்கு. ஸ்டுடியோவுக்குள் இருந்த உணவகத்தின் வருமானத்தைக் கூட்டச் சுற்றுலாப் பயணிகளை அழைத்து வரலாம் என்பது கணக்காளர்கள் சொன்ன யோசனை. தொடக்கத்தில் திறந்த வண்டிகளில் வந்தவர்கள் நடிகர்களின் ஒப்பனை அறைகளையும், நடந்துகொண்டிருந்த படப்பிடிப்புகளையும் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் எல்லா நாளும் படப்பிடிப்பு இருக்காது. இருந்தாலும் ஒரே காட்சியைப் பத்து முறை எடுப்பதைப் பார்ப்பது அலுப்பான வேலை. ஆகவே பயணிகளுக்கென்றே தனிக் காட்சிகளை அமைக்கத் தொடங்கினார்கள். திடீரென்று வெள்ளம் பாயும் தெரு வந்தது. 1976இல், முந்தைய ஆண்டு பெரும் வெற்றி பெற்ற சுறாப் படத்தின் சுறா, குளத்திலிருந்து வண்டியை நோக்கிப் பாயத் தொடங்கியது. 1980களில் இராட்சதக் குரங்கும் நிலநடுக்கமும் சேர்ந்தன. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வந்த கூட்டம், சிறிது சிறிதாக, தனக்காகவே நடத்தப்படும் வேடிக்கையைப் பார்க்கும் கூட்டமாக மாறியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் எது வேலை, எது வேடிக்கை என்று பிரித்தறியும் கண் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தின் டோயெய் நிறுவனம், சாமுராய் படங்களுக்கு மவுசு குறைந்த காலத்தில், 1975இல் தன் பழைய காலத்துத் தெரு அரங்குகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குத் திறந்தது. இங்கிலாந்தில் லண்டனுக்கு வடமேற்கே லீவ்ஸ்டன் என்னுமிடத்தில், இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களும் பின்னர் விமான எஞ்சின்களும் செய்யப்பட்ட ஒரு தொழிற்சாலை வளாகம், பின்னாளில் ஹாரி பாட்டர் படங்களுக்கான ஸ்டுடியோவாக மாறி, படங்கள் முடிந்தபின் 2012இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்பதால் ஒரு விவரத்தை மட்டும் சொல்கிறேன். மந்திரக்கோல் விற்கும் கடை ஒன்று அந்தப் படங்களில் வருகிறது. அந்த அரங்கில் 17,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. திரையில் சில நிமிடங்களே தோன்றும் அலமாரிக்கு அவ்வளவு சீட்டு எழுதிய கைகளைப் பற்றிப் படத்தைப் பார்க்கும்போது யாரும் நினைப்பதில்லை. நேரில் போய் அலமாரியின் முன் நிற்கும்போதுதான் நினைக்கத் தோன்றும்.

தமிழ்நாட்டில் கதை வேறு விதமாகப் போயிற்று. இங்கே ஸ்டுடியோக்கள் தளர்ந்தபோது பெரும்பாலும் வாசலைத் திறக்கவில்லை, நிலம்தான் கைமாறியது. ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றிருந்த வடபழனியின் விஜயா வாகினியில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் நட்சத்திர விடுதி இருக்கிறது. பேருந்து நடத்துநர் "ஜெமினி, ஜெமினி" என்று கூவுவதில்தான் ஸ்டுடியோ மிச்சமிருக்கிறது. விதிவிலக்காக, ஏவி.எம். நிறுவனம் தன் வளாகத்தில் பழைய கேமராக்களையும் படப்பிடிப்புக் கருவிகளையும் கார்களையும் வைத்து 2023 மே மாதத்தில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறது. அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பை அங்கே அழைத்துச் செல்லும் எண்ணமும் உண்டு.

நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் பிள்ளைகள் பார்க்கும் அந்த வளைவு, டி.ஆர்.சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வளைவுக்கு உள்ளே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938இல் அங்கிருந்துதான் வந்தது; தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956இல் வந்தது. ஒரு நூற்பாலையைப் போல நேரம் தவறாமல் நடந்த அந்த ஸ்டுடியோவின் மற்றப் பகுதிகள் இன்று இல்லை. சேலத்துப் பிள்ளை ஒரு ஸ்டுடியோவின் உள்ளே காலெடுத்து வைக்க ஒரு முழு இரவு ரயிலில் போக வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குச் சற்று மனக்குறைதான்.

இனி, நாம் போகுமிடம். ராமோஜி ராவ் என்ற பத்திரிகை அதிபர் 1996இல் உருவாக்கிய இந்த வளாகம், ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உலகின் மிகப்பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகம் இதைப் பதிவு செய்துள்ளது. பரப்பு 1,666 ஏக்கர். நம் பள்ளி வளாகம் மூன்று ஏக்கர் என்பதால் மாணவர்கள் தாங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கதையோடு வரும் தயாரிப்பாளர் படச்சுருளோடு வெளியேறலாம் என்ற கருத்தில் கட்டப்பட்டது என்று இதைச் சொல்வார்கள்: தளங்கள், தோட்டங்கள், தெருக்கள், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, தங்கும் விடுதி அனைத்தும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. பார்வையாளர்கள் சிவப்பு நிறத் திறந்த பேருந்துகளில் ஏறி இறங்கி அரங்குகளைப் பார்க்கலாம்.

இரண்டாண்டுகளுக்கு முன் என் மகளோடு நான் சென்றுவந்தேன். அங்கே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றினால் அது எந்த ஊரும் ஆகிவிடும். விமான நிலையம் இருக்கிறது, சிறைச்சாலை இருக்கிறது, வெளிநாட்டுத் தெரு இருக்கிறது. அரண்மனை ஒன்றில் கருங்கல் தூண் போலவே இருந்த ஒன்றை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். காலிப் பானையைத் தட்டியது போல ஒலித்தது. கொஞ்சம் விலகிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், சில மாளிகைகளுக்கு முன்சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது தெரிந்துவிடும். என் மகள் முன்புறத்தில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்புறம் போய்ச் சாரக் கம்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் புத்தி எங்கே போகும்!

மாணவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, படம் தயாராவதைச் செய்து காட்டும் நிகழ்ச்சி. பார்வையாளர்களில் சிலரை அழைத்து, நின்ற இடத்திலேயே நிற்கும் குதிரை வண்டியில் உட்காரவைத்துச் சாட்டையை வீசச் சொல்கிறார்கள். வேறு சிலரைக் கொண்டு அதற்கான ஒலிகளை எழுப்பச் செய்கிறார்கள். பின்பு பின்னணியையும் ஒலியையும் சேர்த்துத் திரையில் காட்டும்போது, அசையாத வண்டி பாய்ந்தோடுகிறது. கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டிக் குதிரைக் குளம்பொலி எழுப்புவது உலகெங்கும் பழகிய பழைய உத்தி. இதை நேரில் பார்த்த பிள்ளை, கைப்பேசியில் வரும் ஒரு காணொளியைப் பார்த்ததும் நம்பிவிடாமல், இது எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று ஒரு நொடி யோசிக்கும். மோகத்தை வளர்க்கலாமா என்று கேட்ட அந்தத் தந்தையாருக்கு என் முழுப் பதில் இதுவே.

தாங்கள் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. நடிகர், நடிகையரைப் பார்க்கப் போகவில்லை. படப்பிடிப்பு நடக்கும் பகுதிகளுக்குப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. அது அவர்கள் வேலை செய்யும் இடம். ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஓர் அரங்கைத் தேர்ந்துகொண்டு அதன் முன்புறத்தையும் பக்கவாட்டுத் தோற்றத்தையும் வரைந்து, அதைக் கட்ட எந்தெந்தத் தொழிலாளர்கள் தேவைப்பட்டிருப்பார்கள் என்று எழுத வேண்டும். சினிமாவில் 24 பிரிவு என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். திரையில் முகம் தெரிவது அவற்றில் ஒன்றிரண்டுக்கு மட்டுமே. தச்சர், வண்ணம் பூசுபவர், லைட்மேன், தையற்காரர், ஒப்பனையாளர் என்று பட்டியல் எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்போம்.

ஏற்பாடுகள் பற்றிச் சுருக்கமாக: போக வர ரயில் பயணம், பதினைந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வீதம் உடன் வருவார்கள், மாணவியருடன் ஆசிரியைகள் தங்குவார்கள். கட்டண விவரமும் புறப்படும் நேரமும் இணைப்புத் தாளில் உள்ளன. கட்டணம் செலுத்த இயலாத நிலை எந்த வீட்டிலாவது இருந்தால், வகுப்பாசிரியரிடம்கூடச் சொல்ல வேண்டாம், நேரே என்னிடம் வாருங்கள். அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்காது. பகல் முழுவதும் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் தொப்பி, தண்ணீர் பாட்டில், பழகிய காலணி மூன்றும் கட்டாயம். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். கைப்பேசி அனுமதியில்லை. வரைவதற்கு நோட்டுப் புத்தகம் பள்ளியே தரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டிலோ தெருவிலோ மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சராகவோ, எலக்ட்ரீஷியனாகவோ, சமையல்காரராகவோ, வேறு எந்த வேலையிலோ இருந்த பெரியவர்கள் இருந்தால், பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். பேச்சாளராக வர வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்காகக் கீழ்த்தள நூலகத்திலேயே ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒப்புதல் படிவத்தைக் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்