கடலடி மணல் வரவா, இருப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடியில் மணல் எடுப்பது பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆறுகள் ஓயாமல் கொண்டுவந்து கொட்டுவதால் ஆழம் குறைந்த கடலில் மணல் அள்ள அள்ளக் குறையாது என்று அதில் போகிறபோக்கில் சொல்லப்பட்டிருந்தது. அது சரியில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. கடலடிப் படிவுகளைச் சலித்து, உலர்த்தி, எடைபோட்டுக் கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலிலும் போயிருக்கிறேன், வாந்தியும் எடுத்திருக்கிறேன். மாதிரி எடுக்கும் கருவியை கிராப் என்போம். இரண்டு இரும்புத் தாடைகள். தரையைத் தொட்டதும் மூடிக்கொண்டு கொஞ்சம் அள்ளிவரும். தாடை இடுக்கில் ஒரு சிப்பி மாட்டினால் போதும், மேலே வருவதற்குள் எல்லாம் கழுவிப் போய்விடும். மறுபடி இறக்க வேண்டும். அப்படி ஒரு நடுராத்திரியில் பையில் எண் எழுதும்போது 6-ஐயும் 9-ஐயும் மாற்றிவிட்டேன். மூன்று மாதம் கழித்து வரைபடம் வந்தபோது சேற்றுக்கு நடுவே ஒரு மணல் திட்டு முளைத்திருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த இரண்டு எண்களுக்கும் அடியில் கோடு போடாமல் விட்டதில்லை.

எங்கள் கூடத்தில் முக்கியமான சல்லடை 63 மைக்ரான் (0.063 மில்லிமீட்டர்) கண் உள்ளது. அதில் தங்கினால் மணல், 2 மில்லிமீட்டருக்கு மேலே போனால் சரளை. சல்லடையில் இறங்கிவிட்டால் வண்டல், அதிலும் நுணுக்கமானது களி. சல்லடை இல்லாத இடத்தில் ஒரு துளியைப் பல்லில் வைத்துப் பார்ப்போம். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. சாப்பாட்டுக்கு முன் செய்யத் தகுந்த வேலை இல்லை.

கரையிலிருந்து தள்ளிப் போகப்போகத் துகள் நுணுகிக்கொண்டே போகும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்தபோது நானும் நினைத்தேன். அலை வலுவாக இருக்கும் இடத்தில் மணல், ஆழத்தில் சேறு. கேட்டால் நியாயமாகத்தான் படும். முதல் பயணத்தில் 20 மீட்டர் ஆழத்தில் மணல் வந்தது. 40 மீட்டரில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கருஞ்சேறு. சரி. அப்புறம் 80 மீட்டரில் இறக்கினால், பரும்படியாகத் துருநிறத்தில் மறுபடியும் மணல்! கூடவே, கழிமுகத்து அரை உப்புத் தண்ணீரில் மட்டும் வாழும் சிப்பிகளின் தேய்ந்த ஓடுகள். இதுவும் எண்ணை மாற்றி எழுதிய வேலையோ என்று முதலில் பயந்தே போனேன்.

எண் சரியாகத்தான் இருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. இன்று கண்டத்திட்டு என்று நாம் சொல்லும் ஆழமற்ற கடலடியில் பெரும்பகுதி அன்றைக்குத் தரை. ஆறு ஓடியது, கடற்கரை இருந்தது, மணல் காற்றில் கிடந்து துருவேறியது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கண்டத்திட்டில் மீனவர்களின் மடிவலையில் யானை இனங்களின் பற்கள் சிக்கியிருக்கின்றன. 1931-இல் வடகடலில் கொலிண்டா என்ற இழுவைப்படகு ஒரு கட்டி கரிமண்ணை இழுத்துப்போட, அதற்குள்ளே மான்கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை இருந்தது. மனிதர்கள் வேட்டையாடிய நிலம் அது. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்த மணலெல்லாம் இருந்த இடத்திலேயே மூழ்கியது. உலகக் கண்டத்திட்டுகளின் பரப்பில் சுமார் 70 சதவீதம் இப்படிப்பட்ட எச்சப் படிவுதான் என்று கடல் நிலவியலாளர் கே.ஓ. எமரி 1968-இல் மதிப்பிட்டார். இந்த மணல் செத்துக் கிடப்பதில்லை, புயல் அதைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். புரட்டுவது வேறு, புதிதாகக் கொண்டுவருவது வேறு.

அப்படியானால் ஆறு கொண்டுவரும் மணல் எங்கே போகிறது? ஏறிவந்த கடல் ஆற்று வாய்களையும் மூழ்கடித்துவிட்டது. பாரமான மணலில் பெரும்பங்கு அந்தக் கழிமுகத்திலும் டெல்டாவிலும் கரையோரத்திலுமே தங்கிவிடுகிறது. அதைத் தாண்டி வெகுதூரம் போவது பெரும்பாலும் சேறு. எகிப்துக்கு ஒரு நாள் தூரம் இருக்கும்போதே ஈயக்குண்டை இறக்கினால் 11 பாகம் (சுமார் 20 மீட்டர்) ஆழத்தில் சேறு வரும் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நைல் அவ்வளவு தூரம் அனுப்பியது சேற்றைத்தான், மணலை அல்ல.

ஆகவே கட்டுரையாளர் வரவு என்று எண்ணிக்கொண்டது உண்மையில் இருப்பு. இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாக இங்கிலாந்தின் டெவன் கரையில் ஹால்சாண்ட்ஸ் என்ற ஊர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1897-இல் பிளைமத் கடற்படைத் தளத்தை விரிவாக்க அந்த ஊருக்கு எதிரே சரளை அள்ளத் தொடங்கினார்கள். எடுத்த பள்ளத்தைக் கடலே நிரப்பிவிடும் என்பது நம்பிக்கை. நிரம்பவில்லை. அந்தச் சரளை, கடல் ஏறியபோது தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவைத்த பழைய சொத்து; மேற்கொண்டு வந்து சேர வழி கிடையாது. ஊருக்கு முன்னால் இருந்த சரளைக்கரை இறங்கிக்கொண்டே போனது. ஊரார் சத்தம் போட்டு, 1902-இல் அனுமதி ரத்தானது. அதற்குள் சுமார் ஆறரை லட்சம் டன் போய்விட்டது. 1917 ஜனவரியில் கீழைக்காற்றும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்ட ஒரு இரவில் ஊரே இடிந்தது. குடியிருக்கத் தகுந்ததாக ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது. அனுமதி ரத்தாகிப் பதினைந்து ஆண்டு கழித்து என்பதைக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் தரையைத் தொடும். 100 மீட்டர் நீள அலை என்றால் 50 மீட்டர். அதுவும் அந்த எல்லையில் தடவிவிட்டுத்தான் போகும். புயலில் கரையிலிருந்து போகும் மணல், அமைதியான நாட்களில் மெல்லத் திரும்பிவருவதும் உண்டு. அந்தப் போக்குவரத்து நடக்கும் வளையத்துக்குள் அள்ளினால் கரையின் சட்டைப்பையிலேயே கைவைத்ததாகும். வெகுதூரம் தள்ளி, ஆழத்தில் எடுத்தால் கரைக்கு ஆபத்து குறையலாம். ஆனால் அந்தப் பள்ளத்தில் பின்னால் வந்து படிவது சேறாக இருக்கும், மணலாக இருக்காது. அங்கே வாழும் புழுவுக்கும் மீனுக்கும் இரண்டும் ஒன்றல்ல.

இனி இப்படிச் செய்தி வரும்போது உங்கள் நிருபர்கள் எத்தனை டன், எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல், அந்த மணல் அடுக்கு எத்தனை மீட்டர் கனம், அடியில் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கிராப் மேலே உள்ள சாணளவைத்தான் காட்டும். கீழே பார்க்கக் குழாய் இறக்க வேண்டும். எடை கட்டிய குழாய் சேற்றில் சரக்கென்று இறங்கும், மணலில் இறங்காது. வளைந்து திரும்பிவந்த குழாய்களைப் பார்த்திருக்கிறேன். அதிர்வுக் குழாய்தான் மணலுக்குச் சரி. ஒருமுறை அப்படி எடுத்ததை நீளவாக்கில் பிளந்தபோது, ஒன்றரை மீட்டர் மணலுக்குக் கீழே வேர்த்தடத்தோடு பழைய மண் இருந்தது. அவ்வளவுதான் இருப்பு. அந்தக் குழாய் இல்லாமல் டன் கணக்கு சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகத்தில்தான் சொல்கிறார்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே கடல் மணல் என்று போட்டிருந்தீர்கள். கறுப்பாக, பிடித்தவரின் விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. பல்லில் வைத்துப் பார்க்காமலே சொல்வேன், அது சேறு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்